ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிக்கலா?

கேள்வி இது: எங்கள் ஊர்ப் பழைய சிவன் கோயிலைப் பற்றி ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சிறுநூல் போட்டிருக்கிறோம். அதை ஆங்கிலத்தில் ஆக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. 'ஹிஸ்டாரிக் டெம்பிள்' என்று எழுதுவதா, 'ஹிஸ்டாரிக்கல் டெம்பிள்' என்று எழுதுவதா? அகராதியில் இரண்டுக்கும் 'வரலாற்று' என்றே போட்டிருக்கிறார்கள். கணினியும் இரண்டுக்கும் சிவப்புக் கோடு போடவில்லை. நிஜமாகவே வித்தியாசம் உண்டா?

உண்டு. உங்கள் கோயிலுக்கு 'ஹிஸ்டாரிக்'. அவசரமென்றால் இதோடு எழுந்து போகலாம். ஆனால் கோயில் நூல் என்றால் பக்கத்துக்குப் பக்கம் இந்த இரண்டு சொல்லும் எதிரே வந்து நிற்கும். கல்வெட்டு வரும், தலபுராணம் வரும், குடமுழுக்கு வரும். ஓரிடத்தில் சரியான சொல் அடுத்த பத்தியிலேயே தவறாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் சொல்லித் தரும் விதி தெரிந்திருக்கும்: ஹிஸ்டாரிக் என்றால் முக்கியமானது, ஹிஸ்டாரிக்கல் என்றால் பழங்காலத்தைச் சேர்ந்தது. தவறில்லை, ஆனால் போதாது. நான் வேறு மாதிரி பிரித்து வைத்திருக்கிறேன். ஹிஸ்டாரிக் ஒரு தீர்ப்புச் சொல். ஹிஸ்டாரிக்கல் ஒரு வகைச் சொல். முதலாவதைச் சொல்கிறவர் மதிப்புப் போடுகிறார்: 'இது சாதாரண விஷயமல்ல, வரலாற்றில் நிற்கும்.' இரண்டாவதைச் சொல்கிறவர் மதிப்பு எதுவும் போடுவதில்லை. பலசரக்குக் கடை டப்பாமேல் ஒட்டிய சீட்டு மாதிரி, உள்ளே இருப்பது என்ன சரக்கு என்று மட்டும் சொல்கிறார்: வரலாறு சம்பந்தப்பட்டது, அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நாள்வாரியாகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். கப்பல் வரவைச் சொல்லும் ஒரு சாதாரணப் பக்கத்தை எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரையில் மேற்கோள் காட்டினால் அது 'ஹிஸ்டாரிக்கல் டாக்குமென்ட்'. அந்தப் பக்கத்தில் உலகம் புரளும் செய்தி எதுவும் இருக்க வேண்டியதில்லை. வரலாறு எழுத உதவுகிறது என்பதே போதும். இப்போது உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி தீர்ப்புக்கு வாருங்கள். 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 7-க்கு 6 என்ற பெரும்பான்மையில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கை வைக்க முடியாது என்று சொன்னது. அது 'ஹிஸ்டாரிக் ஜட்ஜ்மென்ட்'. அதை 'ஹிஸ்டாரிக்கல் ஜட்ஜ்மென்ட்' என்று எழுதினால், 'பழைய தீர்ப்பு ஒன்று' என்கிற அளவுக்குச் சப்பென்று ஆகிவிடும்.

இரண்டும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்குத் தமிழ் நாவலிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது. தமிழின் முதல் நாவல். ஆகவே அது ஹிஸ்டாரிக் நாவல். அதை 'ஹிஸ்டாரிக்கல் நாவல்' என்று சொல்லவே முடியாது. ராஜா, போர், பழையாறை அரண்மனை என்று முந்தைய காலத்தைக் களமாக வைத்து எழுதுவதற்குத்தான் அந்தப் பெயர். பெயரிலேயே 'சரித்திரம்' இருக்கிறதே என்று மயங்கக்கூடாது. அந்தக் காலத்துத் தமிழில் ஒருவரின் வாழ்க்கைக் கதைக்கும் அதே சொல்தான். மறுபக்கம், போன வாரம் வெளிவந்து யாரும் படிக்காமல் கிடக்கும் ஒரு சோழர் காலக் கதையும் ஹிஸ்டாரிக்கல் நாவல்தான். நன்றாக இருக்கிறதா, நிற்குமா என்பதையெல்லாம் அந்தச் சொல் கேட்பதில்லை.

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குக் கையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று தமிழில் சொல்ல வருகிறதா? அங்கே ஹிஸ்டாரிக். வெறும் 'வரலாற்று' அல்லது 'வரலாறு சார்ந்த' என்று வருகிறதா? அங்கே ஹிஸ்டாரிக்கல். வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பு, வரலாற்றுச் சிறப்புமிக்க நகரம். வரலாற்று ஆய்வு, வரலாற்றுப் புதினம், வரலாற்றுச் சான்று. முக்கால்வாசி இடங்களில் இது கைகொடுக்கும்.

மீதி கால்வாசியில் கவிழ்த்துவிடும். நம் செய்தித்தாள் தமிழ் 'வரலாற்று வெற்றி', 'வரலாற்றுச் சாதனை' என்று 'சிறப்புமிக்க'வை விழுங்கிவிட்டு எழுதும். அங்கே ஹிஸ்டாரிக்தான் வேண்டும். 'வரலாறு காணாத' என்றொரு தொடர் வேறு இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதை எல்லாரும் 'வரலாறு காணாத மழை' என்றார்கள். ஆங்கிலத்தில் அது 'ஹிஸ்டாரிக் ரெயின்ஃபால்'. வரலாறு கண்டிராத ஒன்றுக்கு ஆங்கிலம் வரலாற்றின் பெயரையே சூட்டுகிறது! சரி, அந்த மழை அசாதாரணமானது என்று எப்படித் தெரிந்தது? வானிலைத் துறை பல பத்தாண்டுகளாகக் குறித்து வைத்திருக்கும் மழைக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான். அந்தக் கணக்குக்குப் பெயர் 'ஹிஸ்டாரிக்கல் டேட்டா'. 'ஹிஸ்டாரிக்கல் டேட்டாவில் இப்படியொரு அளவு இல்லை, ஆகவே இது ஹிஸ்டாரிக் ரெயின்ஃபால்' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எழுதிப் பாருங்கள். இடம் மாற்றிப் போட்டால் எவ்வளவு அபத்தமாகிறது என்பது உடனே தெரியும்.

இதே உதாரணத்தில் இன்னொன்றும் தெரிகிறது. ஹிஸ்டாரிக் என்பதற்குப் பழமை தேவையே இல்லை. இன்று நடந்ததும் ஹிஸ்டாரிக் ஆகலாம், நாளை நடக்கப்போவதும் ஆகலாம். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியருகே இறங்கியபோது, அந்த நிமிடமே தொலைக்காட்சியில் 'ஹிஸ்டாரிக் லேண்டிங்' என்றார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். அந்த நிமிடத்தில் அதை 'ஹிஸ்டாரிக்கல் லேண்டிங்' என்றிருந்தால், எப்போதோ நடந்ததை மறுஒளிபரப்புகிறார்களோ என்று தோன்றியிருக்கும். தீர்ப்பு என்பதால் அதை யாரும் முன்கூட்டியே அவசரப்பட்டு வழங்கிவிடலாம் என்ற ஆபத்தும் உண்டு. நம் ஊரில் எந்தக் கட்சி மாநாடு 'வரலாற்றுச் சிறப்புமிக்க' மாநாடாக இல்லை? பந்தல் கால் நடும்போதே வரலாறு ஆகிவிடுகிறது. ஆங்கிலப் பத்திரிகைகளும் இந்த விஷயத்தில் இளைத்தவை அல்ல. நீங்கள் அச்சுக்குக் கொடுக்குமுன், நூலில் எத்தனை இடத்தில் ஹிஸ்டாரிக் வந்திருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். சிறுநூலில் நாலு இடத்துக்கு மேல் இருந்தால் பாதியை எடுத்துவிடலாம்.

தீர்ப்பு என்றதும் பாராட்டு என்று எண்ணிவிட வேண்டாம். படுதோல்வியும் ஹிஸ்டாரிக் ஆகும். 1996-ல் ஜோதி பாசு பிரதமராகும் வாய்ப்பு வந்தபோது அவருடைய கட்சியே வேண்டாமென்று முடிவெடுத்தது. பின்னால் அவர் அதை 'ஹிஸ்டாரிக் பிளண்டர்' என்றார். இந்திய ஆங்கிலத்தில் அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. பலர் அதை 'ஹிஸ்டாரிக்கல் பிளண்டர்' என்றும் எழுதுகிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அதற்கு வேறு பொருள் வந்துவிடும்: வரலாற்றுத் தகவலில் செய்த தவறு. ராஜராஜ சோழன் சமையலறையில் மிளகாய் வற்றல் தாளிப்பது போல ஒரு படத்தில் காட்டினால், அதுதான் ஹிஸ்டாரிக்கல் பிளண்டர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் வந்தபிறகுதான் நம் அடுப்பங்கரைக்கு வந்தது.

உங்கள் நூலுக்கு மிக முக்கியமான இடம் இனிமேல்தான் வருகிறது. ஹிஸ்டாரிக்கலுக்கு இன்னொரு வேலை உண்டு: 'புராணமல்ல, கதையல்ல, உண்மையிலேயே இருந்தது, நடந்தது' என்று சொல்வது. ஆராய்ச்சியாளர்கள் 'ஹிஸ்டாரிக்கல் புத்தா' என்று எழுதும்போது, ஜாதகக் கதைகளில் வருகிற போதிசத்துவரை ஒதுக்கிவிட்டு, ரத்தமும் சதையுமாக வாழ்ந்த மனிதரைக் குறிக்கிறார்கள். 'ஹிஸ்டாரிக்கல் ஃபிகர்' என்றால் வரலாற்றில் நிஜமாக வாழ்ந்தவர். 'ஹிஸ்டாரிக் ஃபிகர்' என்றால் வரலாற்றில் பெரிய இடம் பிடித்தவர். கரிகாலன் இரண்டுமே. கால் கருகியதால் அந்தப் பெயர் வந்தது என்கிற கதை ஹிஸ்டாரிக்கலா என்று கேட்டால், ஆராய்ச்சியாளர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இதைக் கோயில் நூலில் வைத்துப் பாருங்கள். தலபுராணத்தில் இந்திரன் இங்கே வந்து வழிபட்டு சாபம் நீங்கினான் என்று இருக்கும். அதை 'ஹிஸ்டாரிக்கல் இவென்ட்' என்று மொழிபெயர்த்தால், படிக்கிற வெளியூர்க்காரர் புருவத்தை உயர்த்துவார். பக்திக் குறைவு காரணமல்ல. அந்தச் சொல்லுக்கு 'ஆதாரம் இருக்கிறது' என்று பொருள் என்பதால். அங்கே 'லெஜண்ட்' அல்லது 'டெம்பிள் டிரடிஷன்' போடுங்கள். அடுத்த பக்கத்தில் சோழர் காலக் கல்வெட்டில் விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தி வந்தால், அது தாராளமாக 'ஹிஸ்டாரிக்கல் ரெகார்ட்'. கல்வெட்டு தரும் தகவல் 'ஹிஸ்டாரிக்கல் எவிடன்ஸ்', கோயில் கட்டப்பட்ட காலச்சூழல் 'ஹிஸ்டாரிக்கல் பேக்ரவுண்ட்'. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து பிறகு குடமுழுக்கு நடந்த நாள், ஊருக்கு 'ஹிஸ்டாரிக் டே'. கல்வெட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் தனி மரியாதை செய்ய வேண்டுமானால், அதை ஹிஸ்டாரிக் இன்ஸ்கிரிப்ஷன் என்னலாம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, அதற்கு அந்த அடைமொழி பொருந்தும். எல்லா ஊரிலும் அப்படியொன்று கிடைக்காது.

அப்படியானால் கோயிலுக்கே ஏன் ஹிஸ்டாரிக்? ஆடு கொடுத்த செய்தி தவிரப் பெரிதாக ஒன்றும் நடக்காத கோயிலாக இருந்தாலுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பள்ளிக்கூட விதி தடுமாறுகிற இடமும் இதுதான். பழைய கட்டடம், பழைய தெரு, பழைய ஊர் என்று வந்தால் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பெரும்பாலும் ஹிஸ்டாரிக்கையே எடுக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் பெரிய சம்பவம் நடந்திருக்க வேண்டியதில்லை. பாதுகாக்கத் தகுந்த பழமை என்பதே அங்கே தீர்ப்பு. இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் அரசு சார் அமைப்பு 2015 முதல் 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' என்ற பெயரில் இயங்குகிறது. அமெரிக்காவில் 1966-ம் ஆண்டுச் சட்டப்படி வந்த பதிவேடு 'நேஷனல் ரெஜிஸ்டர் ஆஃப் ஹிஸ்டாரிக் பிளேசஸ்'. நாமோ சிறு வயதிலிருந்தே 'மகாபலிபுரம் இஸ் எ ஹிஸ்டாரிக்கல் பிளேஸ்' என்று கட்டுரை எழுதிப் பழகியவர்கள். இந்தியா முழுக்க அப்படித்தான். 1951-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'ஏன்ஷியன்ட் அண்ட் ஹிஸ்டாரிக்கல் மானுமென்ட்ஸ்' என்று இருக்கிறது. அதனால் ஹிஸ்டாரிக்கல் பிளேஸ் என்பதைப் பிழை என்று நான் அடிப்பதில்லை. இந்திய ஆங்கிலத்தில் அது வேரூன்றிய வழக்கு. ஆனால் உங்கள் நூலை வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளின் பிள்ளைகளும் படிக்கப்போகிறார்கள் என்றால் ஹிஸ்டாரிக் டெம்பிள்தான் அவர்கள் காதுக்கு இயல்பாக இருக்கும்.

பெயர்ப்பலகைகளை நம்பி விதி கற்கக்கூடாது என்பதற்கு அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையே சாட்சி. அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடும் அதைச் சுற்றிய இடங்களும் 1980-லிருந்து 'நேஷனல் ஹிஸ்டாரிக் சைட்'. 2018-ல் அதே இடம் 'நேஷனல் ஹிஸ்டாரிக்கல் பார்க்' ஆனது. அவர் புகழ் ஒரு படி இறங்கிவிட்டதா என்ன? ஒன்றுமில்லை. அந்தத் துறையில் ஒற்றை இடத்துக்குப் பொதுவாக முதல் பெயர், பல இடங்கள் சேர்ந்து விரிந்த பகுதிக்கு இரண்டாவது பெயர். அது நிர்வாகக் கணக்கு, இலக்கணக் கணக்கு அல்ல.

ஒரு வேருக்கு எதற்கு இரண்டு சொல் என்று கேட்டிருந்தீர்களானால் (கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்): கிரேக்கத்தில் 'ஹிஸ்டோரியா' என்றால் விசாரித்து அறிவது. அது லத்தீன் வழியாக வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'இஸ்தோரிக்' என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறார்கள், ஜெர்மானியர்களும் 'ஹிஸ்டோரிஷ்' என்ற ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆங்கிலம் மட்டும் 'இக்' என்றும் 'இக்கல்' என்றும் இரண்டு வாலையும் வாங்கி வைத்துக்கொண்டது. ஷேக்ஸ்பியர் 'மெஜஸ்டிக்கல்' என்றும் 'ட்ராஜிக்கல்' என்றும் எழுதியிருக்கிறார். இன்று மெஜஸ்டிக், ட்ராஜிக் மட்டுமே புழக்கம். பல ஜோடிகளில் ஒன்று செத்துவிட்டது. இரண்டும் பிழைத்த இடங்களில், நாளடைவில் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டன. ஹிஸ்டாரிக்கும் ஹிஸ்டாரிக்கலும் வெகுகாலம் ஒன்றின் இடத்தில் மற்றது புழங்கியவைதான். 1926-ல் ஃபவுலர் தம் ஆங்கில நடைக் கையேட்டில், பொதுச் சொல் ஹிஸ்டாரிக்கல், நினைவில் நிற்கத்தக்கதற்கு ஹிஸ்டாரிக் என்று பிரித்து, இனி கலப்பது பின்னோக்கிப் போவது என்று கறாராக எழுதினார்.

கறாராக எழுதியும் கலப்பு நின்றபாடில்லை. கணக்கியலில் பாருங்கள். 1985-ல் 2 லட்சத்துக்கு வாங்கிய மனை இன்று 2 கோடி பெறும் என்றாலும், ஏட்டில் 2 லட்சம்தான் நிற்கும். அதற்கு 'ஹிஸ்டாரிக்கல் காஸ்ட்' என்று பெயர். பிரிட்டிஷ் கணக்கர்கள் பலர் அதையே 'ஹிஸ்டாரிக் காஸ்ட்' என்பார்கள். பிரிட்டிஷ் செய்திகளில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த பாலியல் குற்றங்களை 'ஹிஸ்டாரிக் அப்யூஸ்' என்று எழுதத் தொடங்கினார்கள். ஒரு கொடுமைக்குப் போய் அந்தப் பட்டமா என்று பலருக்கு உறுத்தியது. அங்குள்ள அரசு வழக்குத் தொடுநர் துறை இப்போது 'நான்-ரீசென்ட்' என்று இரண்டையும் தவிர்த்துவிட்டு எழுதுகிறது. நல்ல வழி. எந்தச் சொல் போட்டாலும் உறுத்தும் என்றால் வாக்கியத்தையே மாற்றிவிடுவது மெய்ப்புப் பார்ப்பவர்களின் பழைய உபாயம்.

இனி, கேட்காத இன்னொரு விஷயம். இந்தத் தீர்ப்பு/வகைப் பிரிவு கையில் இருந்தால் மற்ற 'இக்', 'இக்கல்' ஜோடிகளும் பிடிபடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: எந்த வால் தீர்ப்பு, எந்த வால் வகை என்பது ஜோடிக்கு ஜோடி மாறும். 'இக்' வந்தால் உசத்தி என்று விதி செய்துவிடாதீர்கள்.

எக்கனாமிக், எக்கனாமிக்கல் இரண்டையும் எடுங்கள். இங்கே தலைகீழ். எக்கனாமிக் வகைச் சொல்: பொருளாதாரம் சம்பந்தப்பட்டது. பட்ஜெட்டுக்கு முன் நாடாளுமன்றத்தில் வைப்பது 'எக்கனாமிக் சர்வே'. எக்கனாமிக்கல் தீர்ப்புச் சொல்: சிக்கனமானது. லிட்டருக்கு 70 கிலோமீட்டர் ஓடும் வண்டி எக்கனாமிக்கல். 'எக்கனாமிக்கல் சர்வே' என்று எழுதினால் குறைந்த செலவில் எடுத்த கணக்கெடுப்பு என்று ஆகிவிடும். நம் நாட்டில் மேடைக்கு மேடை 'எக்கனாமிக்கல் கண்டிஷன்' என்கிறார்களே, குடும்பத்தின் பொருளாதார நிலையைச் சொல்ல. அங்கே 'எக்கனாமிக்' அல்லது 'ஃபைனான்ஷியல்' என்றிருக்க வேண்டும்.

எக்கனாமிக்கலைப் பற்றிச் சொல்லும்போது ராபர்ட் ஆம்ஸ்ட்ராங்கை விட்டுவிட முடியாது. ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் உளவு அதிகாரி ஒருவரின் நூலைத் தடுக்க 1986-ல் பிரிட்டிஷ் அரசு ஆஸ்திரேலிய நீதிமன்றத்துக்குப் போனது. அரசின் சாட்சி, அமைச்சரவைச் செயலர் ஆம்ஸ்ட்ராங். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மால்கம் டர்ன்புல். பிற்காலத்தில் ஆஸ்திரேலியப் பிரதமரானவர். நீங்கள் எழுதிய கடிதத்தில் இருப்பது பொய்யா, தவறான எண்ணத்தை உண்டாக்குவதா, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று டர்ன்புல் துருவினார். யாரோ சொன்னதுபோல, உண்மையை எக்கனாமிக்கலாகக் கையாள்வது என்கிற பொருளில் ஆம்ஸ்ட்ராங் பதில் சொன்னார். உண்மையைச் சிக்கனமாகச் செலவழிப்பது! பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் காலத்துச் சிந்தனைதான். ஆனால் அன்று முதல் ஆங்கிலத்தில் நாசூக்கான பொய்க்கு அதுவே பெயராகிவிட்டது. இந்த ஒரு தொடரை நினைவில் வைத்துக்கொண்டால் எக்கனாமிக்கல் என்றால் சிக்கனம் என்பது ஜென்மத்துக்கும் மறக்காது.

கிளாசிக், கிளாசிக்கல் நமக்கு இன்னும் நெருக்கம். 2004-ல் மத்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தபோது, ஆங்கிலத்தில் 'கிளாசிக்கல் லாங்வேஜ்' என்றது. இது வகைச் சொல்: தொன்மை, சொந்தமான பழைய இலக்கியம் என்று சில அளவுகோல் வைத்து ஒரு வகையில் சேர்ப்பது. 'கிளாசிக்' என்றிருந்தால் 'அற்புதமான மொழி' என்று முதுகில் தட்டியது போலாகியிருக்கும். அதற்கு அரசாணை தேவையில்லை. 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் ஆங்கிலப் பெயரிலும் கிளாசிக்கல்தான். கர்நாடக சங்கீதம் கிளாசிக்கல் மியூசிக், பரதநாட்டியம் கிளாசிக்கல் டான்ஸ். மார்கழிக் கச்சேரி ஒன்று சொதப்பினாலும் அது கிளாசிக்கல்தான், கிளாசிக் ஆகாது. ஐம்பது வருடமாகத் தொலைக்காட்சியில் போடும்போதெல்லாம் உட்கார்ந்து பார்க்கிற நகைச்சுவைப் படம் கிளாசிக். அதில் ஒரு கீர்த்தனை கூட இருக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரிக், எலக்ட்ரிக்கல் ஜோடியில் தீர்ப்பு என்று எதுவும் கிடையாது, வேறு பங்கீடு. மின்சாரத்தில் ஓடுகிற, மின்சாரம் தருகிற குறிப்பிட்ட பொருளுக்கு எலக்ட்ரிக். துறைக்கும் பொதுவான வகைக்கும் எலக்ட்ரிக்கல். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடுவது எலக்ட்ரிக் டிரெயின். அதைப் பழுதுபார்ப்பவர் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். மழையில் அது நின்றுபோனால் எலக்ட்ரிக்கல் ஃபால்ட். நம் கடைத்தெருப் பலகைகளில் 'எலக்ட்ரிக்கல்ஸ்' என்று இருப்பது இந்த வகையில் சரியாகவே அமைந்திருக்கிறது. காமிக், காமிக்கல் சுலபம்: நாகேஷ் காமிக் ஆக்டர், பெரிய அதிகாரி ஒருவர் மேடையில் வேட்டி தடுக்கி விழப்போவது காமிக்கல், அவர் சிரிப்புக்காகச் செய்யவில்லை என்றாலும். பொலிட்டிக் என்ற சொல் 'சாமர்த்தியமான, காரியம் அறிந்த' என்ற பொருளில் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் நம் அன்றாட எழுத்தில் தேவைப்படாது. பொலிட்டிக்கல் மட்டும் போதும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. சொல்லுக்கு முன் 'வெரி' அல்லது 'ட்ரூலி' போட்டுப் பாருங்கள். தீர்ப்புச் சொல் ஏற்கும், வகைச் சொல் நெளியும். 'ட்ரூலி ஹிஸ்டாரிக்' நிற்கிறது, 'வெரி ஹிஸ்டாரிக்கல்' நொண்டுகிறது. 'வெரி எக்கனாமிக்கல்' நிற்கிறது, 'வெரி எக்கனாமிக் சர்வே' சிரிப்பு வருகிறது. நூற்றுக்கு நூறு பலிக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அச்சுக்குப் போகும் அவசரத்தில் இதைவிட விரைவான வழி இல்லை.

வினையடையாக்கும்போது இந்தத் தலைவலியே இல்லை. ஹிஸ்டாரிக்கோ ஹிஸ்டாரிக்கலோ, 'லி' சேர்த்தால் இரண்டும் 'ஹிஸ்டாரிக்கலி' என்றே ஆகும். 'ஹிஸ்டாரிக்லி' என்று ஒரு சொல் கிடையாது. எக்கனாமிக்கலி, கிளாசிக்கலி எல்லாம் அப்படியே. அன்றாடச் சொற்களில் 'பப்ளிக்லி' மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல் தனியாக நிற்கும். அதை 'பப்ளிக்கலி' என்று எழுதுவது நம் பக்கம் நிறையப் பார்க்கிற பிழை.

கடைசியாக, கணினி சிவப்புக் கோடு போடாத இன்னொரு இடம்: 'எ ஹிஸ்டாரிக் டெம்பிள்' என்பதா, 'ஆன் ஹிஸ்டாரிக் டெம்பிள்' என்பதா? பழைய நூல்களில் 'ஆன்' நிறைய இருக்கும். காரணம் ஒலி. 'ஹிஸ்டரி'யில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, 'ஹ' பளிச்சென்று கேட்கும். 'ஹிஸ்டாரிக்'கில் அழுத்தம் இரண்டாவது அசைக்கு நகர்ந்துவிடுவதால் முதல் 'ஹ' மெலிந்து, பலர் வாயில் 'இஸ்டாரிக்' ஆகிவிடும். அப்படிச் சொல்பவருக்கு 'ஆன்' இயல்பு. இன்று பெரும்பாலானவர்கள் 'ஹ'வை ஒலிக்கிறார்கள், நாமும் ஒலிக்கிறோம், ஆகவே 'எ' போடுங்கள். நூலுக்கு முன்னுரை எழுதித் தரும் பெரியவர் 'ஆன் ஹிஸ்டாரிக்' என்று எழுதியிருந்தால் அதை அடிக்க வேண்டாம், அவர் கற்ற வழக்கு அது. நூல் உள்பக்கங்களில் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.